வழுக்கி விழுந்தவள்

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டாங்க டாக்டர்."

மூன்றாவது முறையும் மருமகள்தான் பதில் சொன்னாள். கேட்டது என்னவோ மாமியாரை.

கட்டிலில் மல்லாந்து கிடந்த மாமியாருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். அவள் வாயைத் திறக்கப் போனாலே மருமகள் கையைப் பிடித்து அழுத்தினாள். எலும்பு டாக்டரம்மாவுக்கு அது அறவே பிடிக்கவில்லை.

"கால் விரலை ஆட்டுங்கம்மா." ஆட்டினாள். "நான் தொடறது தெரியுதா?" தெரிந்தது. அப்பாடா என்றிருந்தது டாக்டருக்கு.

ஸ்கேனைப் பார்த்ததும் அந்த நிம்மதி போயிற்று. இடுப்புக்கு மேலே ஒரு முள்ளெலும்பு நசுங்கிச் சில்லு சில்லாகத் தெறித்திருந்தது. அதில் ஒரு சில்லு நரம்பை ஒட்டி நின்றது. இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் இரண்டு காலும் போச்சு!

வழுக்கி விழுந்தால் இப்படியா நொறுங்கும்? போர்வையை விலக்கினார். இரண்டு குதிகாலும் வீங்கிக் கிடந்தன. உயரத்திலிருந்து விழுந்திருக்கிறாள். சும்மா விழுந்தாளா, யாராவது தள்ளிவிட்டார்களா?

மருமகளை ஏற இறங்கப் பார்த்தார். செருப்பில்லாத கால், நொண்டி நடை, உள்ளங்கையெல்லாம் சிராய்ப்பு. நன்றாக மல்லுக்கட்டியிருக்கிறாள் போல.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் எங்கே?"

"அவருக்குச் சொல்லாதீங்க டாக்டர்!" பதறினாள்.

அதுதானே பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டார் டாக்டர். அதற்குள் நர்ஸ் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "டாக்டர், இவங்க பையன் எப்படியோ கேள்விப்பட்டு ஓடி வந்திருக்காரு. 'எங்கம்மாவைக் காட்டுங்க'ன்னு பச்சைப் புள்ளை மாதிரி அழறாரு, பார்க்கவே பாவமா இருக்கு."

மருமகளின் முகம் வெளிறிப்போனது. டாக்டர் அவளை விடவில்லை. "இந்தப் பொண்ணைப் பக்கத்து ரூம்ல உட்கார வை. நான் சொல்ற வரைக்கும் வெளியே விடாதே."

மாமியாரிடம் குனிந்தார். "இனிமே பயப்படாதீங்கம்மா. ஆபரேஷன் பண்ணி, ஸ்க்ரூ போட்டு, உங்களை நடக்க வைக்கிறது என் பொறுப்பு. மறுபடியும் அந்தப் பொண்ணு கையில உங்களை ஒப்படைக்க மாட்டேன். பையனைக் கூப்பிடட்டுமா?"

அசையவே கூடாது என்று சொல்லியிருந்தும், மாமியார் எக்கி டாக்டரின் கோட்டைப் பிடித்தாள்.

"ஐயோ, வேணாம் டாக்டர்! அவன் பூட்டி வச்ச மாடியிலேருந்துதான் நாங்க ரெண்டு பேரும் குதிச்சோம்!"