பழைய எண் பதினான்கு

"ஏங்கண்ணு, எகனாமிக்ஸ் படிச்ச புள்ளைக்கு சோலார் கம்பெனில என்ன வேலை? வெயிலை எண்ணுவியா?" என்று சிரித்தபடி வான்மதியை வழியனுப்பினாள் மாமியார்.

"நிழலை எண்ணணும் அத்தை" என்றாள் வான்மதி.

இரண்டு வருட அலைச்சலுக்குப் பிறகு கிடைத்த வேலை. பதவியின் பெயர் நிழல் மதிப்பீட்டாளர். ஒரு வீட்டின் நிழல் பக்கத்து வீட்டு சோலார் பலகையின் மேல் விழுந்தால், அதனால் வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் வீணாகும் என்று அவள் சொல்ல வேண்டும். அளவு மீறியிருந்தால் அவள் கையெழுத்திட்ட அன்றே அந்தக் கட்டடத்தை இடித்துவிடுவார்கள்.

முதல் கோப்பிலேயே தன் தெருவின் பெயரைப் பார்த்ததும் அவளுக்குத் திக்கென்றது. கல்யாணமாகி மூன்று வருடமாக அவளும் சேந்தனும் ஹாலில்தான் படுத்துக்கொண்டிருந்தார்கள். இப்போதுதான் அவன் மாடியில் இருவருக்குமாக ஓர் அறை கட்டி முடித்திருந்தான்.

அவசரமாக வீட்டு எண்ணைத் தேடினாள். பதினான்கு. அது தெருக்கோடி டெய்லர் வீடு. தங்கள் வீடு முப்பத்தொன்று. அப்பாடா என்று கையெழுத்திட்டாள்.

மூன்று மணிக்குச் சேந்தன் அழைத்தான். அவன் குரல் உடைந்திருந்தது.

"நம்ம மாடி ரூமை இடிச்சுட்டுப் போயிட்டாங்க, வான்மதி."

"நம்ம நம்பர் முப்பத்தொண்ணுதானுங்களே?"

"அது புது நம்பர். அவங்க பழைய நம்பர் பதினாலுன்னு எழுதிக்கிட்டு வந்திருக்காங்க."

அவள் மேஜைமேல் இருந்த கோப்பை மெல்ல மூடினாள். சேந்தன் தொடர்ந்தான்.

"ஏம்புள்ள, உங்க ஆபீஸ்ல உன் பேர்ல இன்னொருத்தி இருக்காளா? நோட்டீஸ்ல அவதான் கையெழுத்துப் போட்டிருக்கா. நேர்ல பார்த்தா நல்லா நாலு வார்த்தை கேட்டுட்டு வா."