பந்தை விட்டால்தான் கல்யாணம்

“கல்யாணத்துக்கு அப்புறம் பந்து விளையாட்டு கூடாது. இதுல மாத்தமே இல்ல” என்றார் சோணைமுத்து.

காபித் தட்டோடு வந்த அவர் மகள் சத்யபிரியா அப்படியே நின்றுவிட்டாள். குட்டை என்று எல்லோரும் சிரித்தபோதும் அருப்புக்கோட்டைப் பள்ளியில் பிடிவாதமாக பாஸ்கெட்பால் பழகி, பந்தைக் கடத்திக் கொடுக்கும் கார்டாக ஆடியதன் பலனாக, இந்த மாதம்தான் சென்னையில் சம்பளம் தரும் அணியில் இடம் கிடைத்திருந்தது.

“ஆசைப்பட்டு ஆடுற பிள்ள, ஆடட்டுமேண்ணே” என்றாள் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா அழகுத்தாய்.

“பொழப்புக்கு ஆகுமா தங்கச்சி?”

சத்யபிரியா தட்டை வைத்தாள். “அப்பா, எனக்காகப் பந்தை விடுற மாப்பிள்ளை எனக்கு வேண்டாம்.”

அதுவரை தலைகுனிந்திருந்த அந்தக் குட்டை ஆட்டக்காரன், மாப்பிள்ளை பாண்டீஸ்வரன் நிமிர்ந்தான். அவளைப் பார்த்தபடியே சொன்னான்: “விடுறதா இல்ல மாமா, பந்து, உங்க பொண்ணு ரெண்டையும்!”