கும்பிடுகிற நேரம்

கனடாவின் மொன்றியாலில் எங்கள் வீடியோ கேம் அலுவலகத்துச் சன்னலில் பனி அப்பிக்கிடக்கிறது. திரைக்குள் பொழுது சாய்கிறது. விளையாட்டுக்குக் கதை எழுதும் மரீஸ் உருவாக்கிய சதுப்புநிலச் சனங்கள் ஆயுதங்களைக் கீழே வைத்துவிட்டு மண்டியிடுகிறார்கள். மேலாளன் ரெஜான் பொத்தானைத் தட்டித் தட்டி அவர்களை வரிசையாக வெட்டித் தள்ளுகிறான். ஒருவரும் நிமிரவில்லை. “பாரு, சும்மா சாவுறாங்க! இது பிழைன்னு குறிச்சுக்கோ,” என்கிறான் என்னிடம். “பிழையில்ல ரெஜான். கும்பிடுற நேரத்துல கத்தியத் தொடமாட்டாங்க. அவங்க மதமே அதுதான்,” என்கிறாள் மரீஸ். “உன் மதத்தக் கொண்டுபோய்க் குப்பையில போடு. அடிச்சா திருப்பி அடிக்கணும்.” அவனே நிரலில் இரண்டு வரியை மாற்றுகிறான். மறுபடி பொழுது சாய்கிறது. கையில் கத்தியோடு, ஓரக்கண்ணால் எங்களைப் பார்த்தபடி ஊரே மண்டியிடுகிறது. “இப்பதான் உயிர் வந்திருக்கு,” என்று இளிக்கிறான். அந்தச் சனங்களின் உதடுகள் மட்டும் மரீஸ் எழுதிக்கொடுத்த பிரார்த்தனையை இன்னும் முணுமுணுக்கின்றன: ‘கையில் ஒன்றுமில்லை, தாயே. எங்கள் கையில் ஒன்றுமேயில்லை.’