கூட்டி வந்த கூலி

லிந்துலைக் கடைவீதியில் நல்லமுத்துவின் கடைக்கு வாடகைச் சீட்டைப் புதுப்பிக்க வேண்டும். தரகர் கந்தப்பன் இந்த வருடமும் கை நீட்டினார். நல்லமுத்து சீறினார்.

"என்னைக்கோ ஒரு தடவ கடையக் காட்டிவிட்டீங்க. அதுக்கு வருஷா வருஷம் தரகா? வெக்கமா இல்ல?"

"நான் காட்டலேன்னா ஏதுங்க ஒங்களுக்குக் கடை?" கந்தப்பன் இளித்தார்.

நல்லமுத்து காசை விட்டெறிந்தார். 'தூ! இவனுக்கு அட்டையே தேவலை. வயிறு நிறைந்ததும் தானாக விழுந்துவிடும்' என்று காறித் துப்பியபடி தேயிலைத் தோட்டத்துக்கு ஏறினார்.

அங்கே அன்று சம்பள நாள். கொழுந்து பறிக்கும் மீனம்மா அவரைக் கும்பிட்டாள்.

"அய்யா, என்னைக்கோ ஒரு தடவ ஊர்லருந்து கூட்டியாந்தீங்க. நான் வேலைக்குப் போற ஒவ்வொரு நாளுக்கும் இன்னமும் என் கூலியிலருந்து ஒங்களுக்குத் தலைக்காசு குடுக்கணுங்களா?"

கங்காணி நல்லமுத்து கை நீட்டினார்.

"நான் கூட்டியாரலேன்னா ஏதுடி ஒனக்கு வேல?"