வெள்ளைக் கேன்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. சத்தம் போட்டுச் சொல்ற கதை இல்லை இது.

காரைக்கால்ல ஒரு காலேஜு லேப். எழில்மதின்னு நெரவிப் பொண்ணு, ஜன்னத்துன்னு டவுன் பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒரே ஆராய்ச்சி, ஒரே மேடம், உமாமகேஸ்வரி. அன்னைக்கு வெளியூர்ப் பெரியவங்க வந்து வேலையைப் பார்க்கப் போறாங்க. ஒருத்திக்குத்தான் மேற்கொண்டு படிக்க இடம்.

வேலை என்னன்னா, கரியமில வாயுவை உப்புத்தண்ணியில விட்டு, உள்ளே செம்புத் தகடு வச்சுக் கரண்டு கொடுக்கணும். அந்த உப்புத்தண்ணிக்கு எலக்ட்ரோலைட்டுன்னு பேரு. என்ன உப்பு, தண்ணி எவ்வளவு சுத்தம்ங்கிறதைப் பொறுத்துத்தான் உள்ளேயிருந்து என்ன வாயு வரும்ங்கிறது. எத்திலீன் வந்தா ஜெயிச்ச மாதிரி.

வந்தவங்க ஜீப்பு வாசல்ல நின்னுச்சு. எழில்மதி ஓடி வந்து லேப் கதவைத் தள்ளினா. காலையில அவ கலந்து வச்ச உப்புத்தண்ணியை ஜன்னத்து கை கழுவுற தொட்டியில கவுத்துக்கிட்டு நிக்கிறா. பக்கத்துல தண்ணி வச்சிருந்த வெள்ளைக் கேனும் காலி.

"ஏய், என்னடி பண்றே?"

"இது வேணாம் எழில். என்னோடதை ஊத்திக்க. நேத்தே கலந்தது."

"உன்னோடதை நான் எதுக்கு ஊத்தணும்? அதுல என்ன போட்டு வச்சிருக்கே?"

"நீ போடுற அதே பொட்டாசியம் உப்புதான்."

"அப்ப என்னோடதை ஏன் கொட்டினே?"

ஜன்னத்து தன்னோட பாட்டிலை எழில்மதி பக்கம் நகர்த்தி வச்சா.

பின்னாடியே மேடம் வந்துட்டாங்க. பார்த்ததும் முகம் சிவந்து போச்சு.

"கடைசி நேரத்துல கவுத்து விடுறியா? கேனையும் காலி பண்ணிட்டே, அவ திரும்பக் கலக்கக் கூடாதுன்னு. அப்படித்தானே?"

"கொட்டினது நான்தான் மேடம்."

"அதைத்தான் பார்க்கிறேனே."

படியில செருப்புச் சத்தம் கேட்குது. வேற வழி இல்லை. எழில்மதி ஜன்னத்தோட பாட்டிலையே எடுத்து ஊத்தினா. கரண்டு போட்டாங்க. குமிழு கிளம்புது. என்ன குமிழுன்னு கருவி சொல்ற வரைக்கும் எழில்மதி திரையை விட்டுக் கண்ணை எடுக்கல.

திரையில எத்திலீன் கோடு கோபுரமாட்டம் ஏறுச்சு. வந்தவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிச்சார்.

"நல்லா இருக்கும்மா. அடுத்த பொண்ணு?"

"எனக்கு உப்புத்தண்ணி இல்லீங்க," ஜன்னத்து சொன்னா.

"தயார் பண்ணாமலா வந்தே?"

அவ ஒரு தடவை மேடத்தைப் பார்த்தா. அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. "ஆமாங்க."

எழில்மதி பேரைச் சொல்லிட்டு அவங்க கிளம்பிட்டாங்க. ஜீப்பு கேட்டைத் தாண்டினதும் மேடம் பிடிபிடின்னு பிடிச்சாங்க.

"கூடப் பழகினவளுக்கே குழி பறிச்சே. கடைசியில உனக்கு என்ன கிடைச்சுது? நாளையிலேர்ந்து இந்த லேப்புல கால் வைக்காதே."

திட்டிக்கிட்டேதான் மேடம் கை போய் குடிதண்ணி வர்ற நீலக் கேனைத் தூக்குச்சு. வெள்ளைக் கேன் வாயில சாய்ச்சுக்கிட்டே சொன்னாங்க.

"வெள்ளிக்கிழமை அதுவுமா தண்ணிப் பாத்திரத்தை இப்படிக் காலியாவா போடுவாங்க? எங்க வீட்டுல ஒரு நாளும் வைக்க மாட்டோம். காலையிலயும் அடிமட்டத்துலதான் கிடந்துச்சு. நான்தான் பார்த்து நெறைச்சு..."

பேச்சு நின்னு போச்சு.

வெள்ளைக் கேன் காய்ச்சி வடிச்ச சுத்தத் தண்ணிக்கு உள்ளது. குடிதண்ணியில துளி இரும்பு இருந்தாலும் செம்புத் தகட்டுல போய் அப்பிக்கும். அப்புறம் எத்திலீன் வராது, வெறும் ஹைட்ரஜன்தான் வரும். இதைப் பாடமா நடத்தினதே மேடம்தான்.

எழில்மதிக்கு அப்பத்தான் புரிஞ்சுது. காலையில அந்தக் கேனுலேர்ந்துதான் அவ பிடிச்சுக் கலந்தா.

"பார்த்தியாடி நீ?"

"ஜன்னல்லேர்ந்து பார்த்தேன். நான் உள்ளே வர்றதுக்குள்ள நீ கலந்து முடிச்சிட்டே."

"வந்தவங்க முன்னாடி சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? உன் இடமும் போச்சே."

"யாரைச் சொல்ல? மேடத்தையா?"

மேடத்துக்குக் கேன் கையில கனக்குது. கீழே வைக்கவும் தோணல, ஊத்தவும் முடியல. தண்ணி சொட்டுச் சொட்டாத் தரையில விழுது.

ஜன்னத்து வெள்ளைக் கேனை மெல்ல நகர்த்தி மூடியைத் திருகினா. வந்தவங்களுக்கு மோர் கொண்டு வந்த எவர்சில்வர் ஜக்கைக் கழுவி எடுத்துட்டு வந்தா. நீலக் கேன் வாய்க்கு நேரா அதை ஏந்திப் பிடிச்சா.

"இதுல ஊத்துங்க மேடம். வெள்ளிக்கிழமைக்கு இது நெறைஞ்சிருக்கட்டும்."