பதினோராவது கடவுச்சொல்

ஜீவானந்தத்தின் பெண்டாட்டி பெயரையும் தப்பு என்று சொல்லிவிட்டது லேப்டாப்.

“கடவுச்சொல் தவறாம். இதோட அஞ்சாச்சு,” என்றான் வெற்றிச்செல்வன். கண்ணமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்துத் தன் லேப்டாப்போடு மலையேறி வந்திருந்த கம்ப்யூட்டர் மெக்கானிக். “அஞ்சு தபா தப்பாப் போட்டா பொட்டி ஒரு மணி நேரம் பூட்டிக்கும். கம்முனு குந்த வேண்டியதுதான்.”

துடைப்பமும் கையுமாக வாசலில் நின்றாள் பச்சையம்மா. ஜமுனாமரத்தூரில் அந்த விவசாயிகள் சங்க ஆபீசைக் கூட்டித் துடைப்பது அவள் வேலை. இன்று கூட்டியது பாதி, நின்றது மீதி.

போன வாரம் அடித்த மழையில் கூரை ஒழுகி, ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. பட்டா கேட்டு மனுப் போட்ட நூற்று நாற்பது குடும்பங்களின் ஆதாரமெல்லாம் அதற்குள் இருந்தது. பச்சையம்மாவின் ரெண்டு ஏக்கர் சாமைக் கொல்லையும் அதில் அடக்கம். திங்கட்கிழமை விசாரணை.

மற்றவர்களாவது தவணை கேட்டு வாங்கி, மறுபடி அளந்து படம் பிடித்துக் கொள்ளலாம். பச்சையம்மாவுக்கு அந்த வழியும் அடைபட்டுக் கிடந்தது. “எங்க பாட்டன் காலத்துலேர்ந்து நாங்கதான் உழுவுறோம்” என்று அவள் மாமனார் சின்னக்குழந்தை போன வருஷம் எல்லைக் கல்லைக் காட்டிப் பேசிய வீடியோதான் அவளுக்கிருந்த ஒரே சாட்சி. மனுஷன் தை மாசம் போய்ச் சேர்ந்துவிட்டார். அவரை எழுப்பிக் கொண்டுவந்து இன்னொரு தடவை பேச வைக்கவா முடியும்?

“அழுவாதீங்கக்கா,” என்றாள் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஷோபனா. “கம்ப்யூட்டர் போனா போவுது. இதுல ஏத்துறதெல்லாம் ஒயர் வழியா பின்ரூம் பொட்டியில ஒரு காப்பி ஆயிடும்னு ஜீவானந்தம் சார் சொல்லிக்கீறாரு. பாஸ்வேர்டு மட்டும் தெரிஞ்சா போதும்.”

துடைப்பம், வாளியெல்லாம் வைக்கிற அந்தப் பின் அறையின் மேல்தட்டில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி. அதை வாங்கிவந்து மாட்டி, கடவுச்சொல்லும் போட்ட சங்கச் செயலாளர் ஜீவானந்தம், அந்தச் சொல் இன்னதென்று ஒருத்தரிடமும் சொல்லாமலே ஐப்பசியில் மாரடைப்பில் போய்விட்டார். நல்ல மனுஷன்தான். சாவு இப்படிச் சொல்லாமல் வரும் என்று அவர் மட்டும் என்ன கண்டார்?

வெற்றிச்செல்வன் பின் அறைக்குள் போய்ப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மூணு வருசமா ஓடின பொட்டி மாதிரியே இல்லியேம்மா. கடையிலேர்ந்து இன்னிக்கு எறக்கினாப்பல கீது.”

“தெனம் தொடைக்கிறேன் சார்,” என்றாள் பச்சையம்மா. அத்தனை துக்கத்திலும் கொஞ்சம் பெருமை எட்டிப் பார்த்தது. “ஷோபனா பாப்பா அதோட கம்ப்யூட்டர்ல கைவைக்கவே வுடாது. இந்தப் பொட்டி மட்டும் என் பொறுப்பு. உங்க எல்லார் ஆதாரமும் இதுலதான் கீது, பத்தரமா பாத்துக்கன்னு ஜீவானந்தம் சார் எங்கிட்டதான் ஒப்படைச்சாரு.”

ஒரு மணி நேரம் கழிந்தது. ஜீவானந்தத்தின் மகள் பெயர், பைக் நம்பர், அவர் ஊரான சந்தவாசல், சங்கத்தின் பெயர், பிறந்த தேதி என்று வரிசையாகப் போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் அதே பதில்தான் வந்தது. பத்தாவது தப்போடு பெட்டி மறுபடி பூட்டிக்கொண்டது.

“ரீசெட் பண்ணா பாஸ்வேர்டு போயிடும். ஆனா உள்ள கீறதும் அதோட சேந்து போயிடும்,” என்று வெற்றிச்செல்வன் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான். “நான் மூணு மணி பஸ்ஸுக்குக் கெளம்பறேன் ஷோபனா. என்னால ஆனது இவ்ளோதான்.”

“இன்னும் ஒரே ஒரு தபா பாருங்க சார்,” என்று பச்சையம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டால் திறக்கிற பூட்டாக இருந்தால் காலையிலேயே திறந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்து ஷோபனாவின் போன் அடித்தது. சந்தவாசலிலிருந்து ஜீவானந்தத்தின் மனைவி ஈஸ்வரி.

“அவரு பழைய செல்லு ஒறைக்குள்ள ஒரு சீட்டு கெடைச்சுதும்மா. இங்கிலீசுல ஏதோ எழுதி, பக்கத்துல சங்கம் பொட்டின்னு போட்டிருக்குது. படிக்கிறேன், எழுதிக்கோ.”

சுருட்டிய ஒயரை வெற்றிச்செல்வன் மறுபடி பிரித்தான். பூட்டு விலகும்வரை மூன்று பேரும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்திருந்தார்கள். மூணு மணி பஸ் போய்விட்டது. சீட்டில் இருந்ததை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினான். பதினோராவது கடவுச்சொல். பெட்டி திறந்துகொண்டது.

ஷோபனா குதித்தே விட்டாள். பச்சையம்மாவுக்கு மாமனாரே நேரில் வந்து நின்றது போலிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அவுரு பேசறதப் போடுங்க சார்,” என்றாள்.

வெற்றிச்செல்வன் போடவில்லை. மேலும் கீழும் தேடினான்.

“ஒரே ஒரு நாள் காப்பிதான் கீது. பொட்டிய மாட்டின அன்னிக்கு எடுத்தது. அதுக்கப்புறம் ஒண்ணுமே ஏறல.”

“எப்டி சார்?” என்றாள் ஷோபனா.

“காப்பி எடுக்கறது ராத்திரி பதினோரு மணிக்கு. அப்போ பொட்டி ஓடிக்கினு இருக்கணும். இங்க பாரு, இதுலயே பதிவாகிக் கீது. தெனம் சாயங்காலம் ஆறு மணிக்கு அணைஞ்சுடுது, காலைல எட்டு மணிக்கு எழுந்துக்குது. மூணு வருசமா இதே கதை. இன்னா ஊரு கரண்டு இது?”

“கரண்டு போவும்தான். அதுக்குன்னு தெனமும் ஆறு மணிக்கேவா சார் போவும்?” என்று கேட்டாள் ஷோபனா.

பச்சையம்மா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

“இடி வுழுந்து பொட்டி கெட்டுடக் கூடாதேன்னு... நான்தான் சார் தெனம் பிளக்கப் புடுங்கி வெச்சுட்டுப் போவேன்.”