பொதுமக்களில் ஒருவர்

மூன்று நாளாக ஒரு ஈ காக்கை கூட வரவில்லை.

நகராட்சிக் கூடத்தில் நூறு நாற்காலிகளைப் போட்டுவிட்டு, எதிரே ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தார் ஆலோசகர். ஊர் முழுவதையும் சூரிய மின்சாரத்துக்கு மாற்ற அவர் போட்ட திட்டம் மேஜைமேல் தலையணை மாதிரி கிடந்தது. நான்கு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கிப் போட்ட திட்டம். அதைப் பற்றிப் பொதுமக்களில் ஒருவராவது எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும் என்பது விதி. இன்று ஐந்து மணிக்குள் யாரும் வராவிட்டால் திட்டம் குப்பைக்கு, அவர் வீட்டுக்கு.

"திட்டியாவது எழுதட்டுமே, யாராவது ஒருத்தர்!" என்று புலம்பினார்.

"திட்டறதுக்கும் ஆள் வரணுமே சார்," என்றாள், பதிவேட்டோடு காத்திருந்த எழுத்தர் அம்மா.

நாலரைக்கு ஒருவன் வந்தான். கட்டம் போட்ட சட்டை, கையில் நோட்டுப் புத்தகம். ஆலோசகருக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்து உட்கார வைத்தார்.

"எந்தெந்த மாடி ஏறறதுக்கு வசதின்னு லிஸ்ட் இருக்கா?" என்று ஆரம்பித்தான் அவன்.

"ஓ, தெருவாரியா இருக்கே!"

"எந்த வீட்ல பகல்ல ஆள் இருக்க மாட்டாங்க?"

"அதுவும் இருக்கு. பகல் கரண்ட் எவ்வளவு செலவாகும்னு பார்க்கணுமே."

"யார் வீட்ல என்னென்ன சாமான் இருக்கு?"

புரட்டிக்கொண்டிருந்த திட்டத்தை ஆலோசகர் மெதுவாக மூடினார். எழுத்தர் அம்மா அவரை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"சார், ஆளோட முழியே சரியில்ல. திருடனேதான். போலீசைக் கூப்பிடுங்க."

"கூப்பிடலாம்மா. முதல்ல கையெழுத்தை வாங்கிக்கறேன். திருடனும் பொதுமக்கள்ல ஒருத்தன்தானே?"

மனசாட்சி குத்தத்தான் செய்தது. ஆனாலும் நாலு வருட உழைப்பாயிற்றே! பல்லைக் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவன் ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டான். ஐந்து அடிக்க மூன்று நிமிடம் இருந்தது.

"இதுல உங்க கருத்தை எழுதி, கீழே ஒரு கையெழுத்து..." என்று பேனாவை நீட்டினார்.

அவன் பேனாவை வாங்கவில்லை. நீட்டிய கையில் விலங்கை மாட்டினான்.

"நான் ஸ்டேஷன்லேர்ந்து வர்றேன். வீடு வீடாப் போய், எப்ப வெளியே போவீங்க, என்ன சாமான் வச்சிருக்கீங்க, மாடிக்கு எந்தப் பக்கம் வழின்னு விசாரிச்சது நீங்கதானே? நாலு வருஷமா உங்களைத்தான் தேடிட்டிருக்கோம். நாற்பத்திரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க!"

புகார்க் கட்டு மேஜைமேல் விழுந்தது.

"நாற்பத்திரண்டு பேரா!" ஆனந்தக் கண்ணீரோடு, விலங்கு மாட்டிய கையாலேயே கட்டை அள்ளி எழுத்தர் அம்மாவிடம் நீட்டினார் ஆலோசகர். "பொதுமக்கள் கருத்து வந்தாச்சும்மா, மணி அடிக்கறதுக்குள்ள பதிவேட்ல ஏத்துங்க!"